‘உங்க பேர்ல கேஸ் ஆயிடுச்சு’: போலி கடன் வசூல் அழைப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடன் பாக்கி இருப்பதாகச் சொல்லி போனில் மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றிய கேள்விகள் இவை. கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு: கடனே வாங்காதவர்கள், வாங்கிவிட்டு இரண்டு தவணை தவறியவர்கள். முதல் வகையினர் சீக்கிரம் சுதாரித்துக்கொள்வார்கள். இரண்டாவது வகையினரின் குற்ற உணர்வை வைத்துத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. அதனால் அவர்களுக்கான பதில்கள் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

இந்த அழைப்புகள் எப்படி வரும்?

முதலில் பேசுபவர் தன்னை ‘ஹைகோர்ட் அட்வகேட்’ என்பார், அல்லது வங்கியின் ‘லீகல் டீம்’ என்பார். “உங்க பேர்ல கேஸ் ஃபைல் ஆயிடுச்சு, இன்னைக்கு நாலு மணிக்குள்ள கட்டலைன்னா வாரண்ட் வீட்டுக்கு வந்துடும்” என்று ஆரம்பிப்பார். நீங்கள் தயங்கினால் ‘இன்ஸ்பெக்டர்’ ஒருவர் லைனில் வருவார். பின்னால் வாக்கிடாக்கி சத்தம் கேட்கும். நீங்கள் கலங்கிப்போன நேரம் பார்த்து மூன்றாவதாக ஒரு கனிவான குரல் வரும்: “உங்க குடும்ப நிலைமை புரியுதுங்க. மேனேஜர்கிட்ட பேசி பாதியா குறைச்சுத் தர்றேன், இந்த நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க.” மூவரும் பெரும்பாலும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள்தான். பணம் போவது அந்தக் கனிவான குரலுக்குத்தான், மிரட்டியவருக்கு அல்ல. அதனால் திட்டுகிறவரைவிட இரக்கப்படுகிறவரிடம் கூடுதல் கவனம் தேவை.

நான் கடனே வாங்கவில்லை. எனக்கு ஏன் அழைப்பு வருகிறது?

பல காரணங்கள் இருக்கலாம். உங்கள் எண்ணை முன்பு வைத்திருந்தவர் கடன் வாங்கியிருக்கலாம். நண்பர் யாராவது உங்களை ‘ரெஃபரன்ஸ்’ ஆகக் கொடுத்திருக்கலாம். ஒன்றுமே இல்லாமல், கையில் கிடைத்த ஆயிரம் எண்களுக்கு வரிசையாக அடிப்பதில் உங்களுடையதும் ஒன்றாக இருக்கலாம்.

கவலைப்பட வேண்டிய காரணம் ஒன்று உண்டு: உங்கள் ஆதார், பான் நகலை வைத்து வேறு யாரோ உங்கள் பெயரில் கடன் எடுத்திருப்பது. இதை அழைத்தவரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் பெயரில் உள்ள கடன்களின் பதிவான கிரெடிட் ரிப்போர்ட்டில் பார்த்துவிடலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவர்களின் சொந்த இணையதளத்தில் போய் எடுங்கள். ‘இலவச சிபில் ஸ்கோர்’ என்று விளம்பரத்தில் வரும் கண்ட ஆப்பிலும் பான் எண்ணைப் போட வேண்டாம்.

உங்களுக்குத் தெரியாத கடன் அதில் இருந்தால், அந்த கிரெடிட் நிறுவனத்திடமும் கடன் கொடுத்த நிறுவனத்திடமும் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு இருக்கிறது.

என் பெயர், பான் எண், கடன் தொகை எல்லாம் சரியாகச் சொல்கிறாரே, பொய்யாக இருக்குமா?

இருக்கும். ஜெராக்ஸ் கடையில் விட்டு வந்த நகல், லோன் வாங்கித் தருவதாகச் சொன்ன புரோக்கரிடம் கொடுத்த சம்பள ரசீது, பாதியில் விட்ட ஆன்லைன் விண்ணப்பம் என்று நம் விவரம் கசிய ஏகப்பட்ட ஓட்டைகள் உள்ளன. விவரம் தெரிந்திருப்பது கசிவுக்குத்தான் சாட்சி, அவர் வங்கிக்காரர் என்பதற்கு இல்லை.

திரையில் தெரியும் பெயரும் அப்படித்தான். ட்ரூகாலரில் ‘லோன் ரெக்கவரி டிபார்ட்மெண்ட்’ என்று யார் வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் முகப்பில் போலீஸ் சின்னம் வைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

எனக்கு உண்மையிலேயே பாக்கி இருக்கிறது. அழைப்பவர் அசல் ஏஜென்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதுதான் சிக்கலான இடம். கடன் நிஜம், ஆள் போலி. ‘நாம்தானே கட்டவில்லை’ என்ற எண்ணத்தில் எதிர்க்கேள்வி கேட்கவே கூச்சப்படுவோம். கூச்சப்பட வேண்டியதில்லை. அசல் ஏஜென்டிடம் கேட்டால் பதில் சொல்வார், அது அவர் வேலை.

பேசுபவரின் பெயர், ஏஜென்சியின் பெயர், எந்த நிறுவனத்தின் எந்தக் கடன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “சரி, நான் கம்பெனியில் விசாரித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்” என்று சொல்லி வைத்துவிடுங்கள். பிறகு உங்கள் கடன் ஒப்பந்தத்திலோ பாஸ்புக்கிலோ அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். கிளை பக்கத்தில் இருந்தால் நேரில் போய்விடுங்கள். அழைத்தவர் கொடுத்த ‘கஸ்டமர் கேர்’ எண்ணுக்கு அழைத்தால் பக்கத்து நாற்காலிக்காரர்தான் எடுப்பார். கூகுளில் தேடி முதலில் வரும் எண்ணையும் நம்ப முடியாது. போலி கஸ்டமர் கேர் எண்களைப் போட்டு வைப்பது தனித் தொழிலாகவே நடக்கிறது.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியது இரண்டுதான்: இன்றைய தேதிக்கு என் பாக்கி எவ்வளவு? வசூலை எந்த ஏஜென்சியிடம் கொடுத்திருக்கிறீர்கள்? டிஜிட்டல் கடன் (ஆப் அல்லது இணையம் வழியாக வாங்கியது) என்றால் வசூலை வேறொருவரிடம் ஒப்படைக்கும்போது அந்த ஆளின் விவரத்தைக் கடன் வாங்கியவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

நேரத்தையும் பாருங்கள். வசூல் ஏஜென்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. மகளிர் குழுக் கடன் போன்ற மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களுக்கு இன்னும் கறார்: காலை 9 முதல் மாலை 6 வரைதான். இரவு பத்து மணிக்கு வரும் அழைப்பு போலியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, விதியை மீறும் அசல் ஏஜென்டாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அந்த நேரத்தில் நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், பணம் எங்கே போகிறது என்பது. ஆப் மூலம் வாங்கிய கடனானாலும் தவணை நேராகக் கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும். ஏஜென்டின் சொந்த யுபிஐக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். யுபிஐயில் தொகையைப் போட்டதும் பெறுபவரின் பெயர் திரையில் வரும். நிதி நிறுவனத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு தனிநபர் பெயர் வந்தால் பின் நம்பரை அழுத்தாதீர்கள். “எங்க அக்கவுண்டன்ட் பேருங்க அது” என்பார்கள். வேண்டாம். நிறுவனத்தின் ஆப், இணையதளம், கிளை இந்த மூன்றில் ஒன்றில் கட்டி ரசீது வாங்குங்கள்.

கடன் கட்டாவிட்டால் கைது செய்வார்களா?

வெறும் கடன் பாக்கிக்காக போலீஸ் கைது செய்யாது. அது சிவில் விவகாரம். கடன் கொடுத்தவர் நீதிமன்றம் போய் வழக்குப் போட வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட வங்கிக் கடன் என்றால் கடன் வசூல் தீர்ப்பாயம் போகலாம். சிவில் தீர்ப்பு வந்த பிறகும், கையில் பணம் இல்லாததால் கட்ட முடியாதவரைச் சிறையில் தள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லிவிட்டது. வசதி இருந்தும் வேண்டுமென்றே ஏய்ப்பவர் விஷயம் வேறு.

காசோலை திரும்பிய வழக்கு குற்ற வழக்காகும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு அது. அதிலும் முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் வர வேண்டும், பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு, அதற்குப் பிறகுதான் வழக்கே. போலி ஆவணம் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தால் மோசடி வழக்கு வரலாம். ‘நாலு மணிக்குள் கட்டு, இல்லையேல் வாரண்ட்’ என்ற நடைமுறை இவை எதிலும் கிடையாது. வீடியோ காலில் உட்கார வைத்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்பதும் சட்டத்தில் இல்லாத ஒன்று.

வாட்ஸ்அப்பில் நீதிமன்ற முத்திரையோடு நோட்டீஸ் வந்திருக்கிறதே?

முத்திரையைக் கணினியில் வரைந்துவிடலாம். அதில் வழக்கு எண் இருக்கிறதா என்று பாருங்கள். நீதிமன்றத்தில் பதிவான வழக்குக்கு எழுத்துகளும் எண்களும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண், அதாவது அந்த வழக்கின் தனி அடையாள எண், இருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்திலோ அதன் ஆப்பிலோ போட்டால் எந்தக் கோர்ட், யார் மேல் யார் போட்டது, அடுத்த வாய்தா எப்போது என்று வந்துவிடும். எண்ணே இல்லாத ‘வாரண்ட்’ வெறும் படம். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை போலீஸ் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது செல்லாது என்றும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: அசல் நிதி நிறுவனங்களின் வக்கீல் நோட்டீஸும், லோக் அதாலத் அழைப்பும்கூட இப்போது போனுக்கு வருவதுண்டு. எல்லாமே போலி என்று குப்பையில் போட்டுவிட வேண்டாம். லோக் அதாலத் என்பது சமரசத்துக்கான அழைப்பு, கைதுக்கு அதில் இடமில்லை. சந்தேகம் இருந்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் காட்டுங்கள். வழிகாட்டுவார்கள்.

“பாதி கட்டினால் செட்டில்மெண்ட்” என்கிறார்கள். நல்ல வாய்ப்பு இல்லையா?

அசல் வங்கிகளும் செட்டில்மெண்ட் தருவார்கள் என்பதால்தான் இந்த வலையில் பலர் விழுகிறார்கள். முறை இதுதான்: முதலில் நிறுவனத்தின் கடிதம், பிறகு பணம். எந்தக் கடன் எண், எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில் என்று எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்திடம் நேரில் காட்டி உறுதி செய்த பிறகே கட்ட வேண்டும். கட்டியதும் பாக்கி இல்லை என்ற ‘நோ டியூ’ சான்றிதழ் வாங்க வேண்டும். ‘முதலில் கட்டுங்கள், லெட்டர் மெயிலில் வரும்’ என்றால் மெயில் வராது.

அசல் செட்டில்மெண்டிலும் ஒரு நெருடல் உண்டு. குறைத்துக் கட்டி முடித்த கடன் கிரெடிட் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்றுதான் விழும், ‘க்ளோஸ்டு’ என்று விழாது. பின்னால் வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அது கேள்வியாகும். இந்த விஷயத்தை முன்கூட்டியே சொல்கிறவரை இன்னும் கொஞ்சம் நம்பலாம்.

லோன் ஆப்பில் சின்னத் தொகை வாங்கினேன். என் போட்டோவை மார்ஃப் செய்து போனில் இருக்கும் எல்லோருக்கும் அனுப்புவோம் என்கிறார்கள். என்ன செய்வது?

ஐயாயிரம் கடன் என்பார்கள், ‘பிராசஸிங் கட்டணம்’ கழித்து மூவாயிரத்துச் சொச்சம் கணக்கில் விழும், ஏழாம் நாள் ஐயாயிரத்தையும் கேட்பார்கள். கட்டிய பிறகும் ‘சிஸ்டத்தில் காட்டவில்லை’ என்பார்கள். இந்தப் பாணி 2020-ல் ஊரடங்கு நேரத்தில் வேகமாகப் பரவியது. 2021 ஜனவரியில் சென்னை போலீஸ் பெங்களூரு வரை போய், சீனர்கள் இருவர் உட்பட ஒரு கும்பலைப் பிடித்தது. அதே ஆண்டு ரிசர்வ் வங்கியின் பணிக்குழு சுமார் 1,100 கடன் ஆப்களை ஆராய்ந்து, அவற்றில் 600 சட்டவிரோதமானவை என்று அறிக்கை தந்தது.

இவர்களின் ஆயுதம் உங்கள் தொடர்புப் பட்டியல். ஆப்பை நிறுவும்போது நீங்கள் கொடுத்த அனுமதி அது. 2022-ல் வந்த டிஜிட்டல் கடன் விதிகளின்படி எந்தக் கடன் ஆப்பும் போனில் உள்ள தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், படங்களைத் தொடவே கூடாது. கூகுள் பிளே ஸ்டோரும் 2023 மே கடைசியிலிருந்து தனிநபர் கடன் ஆப்களுக்கு இதைத் தடை செய்துவிட்டது. ஆகவே வாட்ஸ்அப் லிங்க்கில் ஏபிகே கோப்பாக (பிளே ஸ்டோர் வழியாக இல்லாமல் நேரடியாக நிறுவும் கோப்பு) வரும் கடன் ஆப்பும், தொடர்பு எண்களுக்கு அனுமதி கேட்கும் ஆப்பும் வேண்டவே வேண்டாம். முறையான நிறுவனங்களோடு இணைந்த ஆப்களின் பட்டியலை 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி தன் தளத்திலேயே போட்டிருக்கிறது.

மிரட்டல் தொடங்கிவிட்டதா? பயத்தில் இன்னொரு தவணை அனுப்பாதீர்கள். பணம் கொடுத்தவரை விடமாட்டார்கள், தொகையைத்தான் ஏற்றுவார்கள். செய்திகள், எண்கள், யுபிஐ ஐடி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆப்பின் அனுமதிகளை ரத்து செய்துவிட்டு நீக்குங்கள். பிறகு, செய்யக் கூச்சமாக இருந்தாலும் மிகவும் பலன் தரும் ஒரு வேலை: நீங்களே முந்திக்கொண்டு உறவினர்களுக்கும் ஆபீஸ் குழுவுக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். “என் போன் விவரங்களை ஒரு மோசடிக் கும்பல் எடுத்துவிட்டது. என் படத்தைத் திரித்து அனுப்பினால் நம்பாதீர்கள், திறக்காமல் எனக்குச் சொல்லுங்கள்.” பத்துப் பேருக்கு இது தெரிந்துவிட்டால் அந்தக் கும்பலின் கையில் மிரட்ட ஒன்றும் மிஞ்சாது.

ஆபாசமாகத் திரித்த படம் அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம், மிரட்டிப் பணம் கேட்பது பாரதிய நியாய சன்ஹிதாவின்படி (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) குற்றம். நீங்கள் கடன் பாக்கி வைத்திருப்பது இந்தப் புகாருக்குத் தடையே இல்லை. வீட்டில் யாராவது இந்த நெருக்கடியில் சாப்பிடாமல், பேசாமல், போனைப் பார்த்தே நடுங்கிக்கொண்டிருந்தால் தனியாக விடாதீர்கள். இத்தகைய மிரட்டலால் உயிர்கள் போயிருக்கின்றன. தமிழ்நாட்டில் 104 எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும்.

நண்பர் வாங்கிய கடனுக்கு என்னைக் கூப்பிட்டுத் திட்டுகிறார்கள். நான் கட்ட வேண்டுமா?

ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் பொறுப்பு உண்டு. ரெஃபரன்ஸாக உங்கள் எண் இருந்தது என்பதற்காக ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. அசல் ஏஜென்டாக இருந்தாலும் கடன் வாங்கியவரின் உறவினரையும் நண்பரையும் தொல்லை செய்வது விதிமீறல்.

இறந்துபோன அப்பாவின் கடன் என்று அழைக்கிறார்கள்.

கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக்கூட அழைப்பவர்கள் இருக்கிறார்கள். துக்க வீட்டில் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்ற துணிச்சல். சட்டப்படி, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு அளவுக்குத்தான் வாரிசுகளுக்குப் பொறுப்பு. சொத்து எதுவும் வரவில்லை, கூட்டாகக் கையெழுத்தும் போடவில்லை என்றால் உங்கள் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. “எழுத்தில் அனுப்புங்கள்” என்று சொல்லி வைத்துவிடுங்கள். அசல் கடன் என்றால் ஒப்பந்த நகலோடு வருவார்கள். அப்போது அந்தக் கடனுக்குக் காப்பீடு இருந்ததா என்றும் கேளுங்கள். பல வீட்டுக் கடன்களோடு காப்பீடும் சேர்ந்தே போடப்பட்டிருக்கும்.

போனில் எதையெல்லாம் சொல்லக் கூடாது?

ஓடிபி, பின், கார்டின் பின்பக்க எண். இவை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதோடு ‘சரிபார்ப்புக்காக’ என்று பான், ஆதார் கடைசி எண்கள் கேட்டாலும் தராதீர்கள். “கட்டிவிடுகிறேன், கொஞ்சம் டைம் கொடுங்க” என்று வாய் தவறிக்கூட சொல்ல வேண்டாம். வாங்காத கடனுக்கு நீங்கள் ஒப்புக்கொண்டதாக அந்தப் பதிவையே திருப்பிக் காட்டுவார்கள். திரையைப் பகிரும் ஆப் எதையும் ஏற்றாதீர்கள். சண்டையும் போடாதீர்கள், நேரம் வீண்.

பணம் அனுப்பிவிட்டேன். திரும்பக் கிடைக்குமா?

உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். அதே நாளில், முடிந்தால் அதே மணி நேரத்தில். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க முடிந்தால் திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது. நேரம் போகப் போக அது தேயும். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். ‘பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கொடுங்கள்’ என்று இதற்குப் பிறகு வரும் அழைப்பு, ஏற்கெனவே ஏமாந்தவர்களின் எண்களைக் குறிவைத்து வருவது. அதற்கும் பதில் தராதீர்கள்.

பணம் போகவில்லை, அழைப்பு மட்டும்தான் வந்தது என்றால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் இருக்கும் ‘சக்ஷு’ பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம்.

விசாரித்ததில் அசல் ஏஜென்ட்தான் என்று தெரிந்தது. ஆனால் கெட்ட வார்த்தையில் பேசுகிறார்.

அசல் என்பதால் அவருக்கு அந்த உரிமை வந்துவிடாது. ஏஜென்டின் நடத்தைக்கு அவரை வைத்திருக்கும் வங்கிதான் பொறுப்பு. முதலில் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, விவரங்களுக்கு 14448. மிரட்டல் என்றால் 30 நாள் காத்திருக்கத் தேவையில்லை, நேராகக் காவல் நிலையம் போகலாம். கந்துவட்டிக்காரர்களுக்கு 2003-ம் ஆண்டுச் சட்டம் இருப்பதுபோல, வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்திருக்கிறது.

புகார் கொடுக்கப் போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும்?

அழைப்பு வந்த எண்கள், தேதி, நேரம், ஸ்கிரீன்ஷாட்டுகள், பணம் அனுப்பியிருந்தால் வங்கி ஸ்டேட்மெண்டும் பரிவர்த்தனையின் யுடிஆர் எண்ணும் (அந்தப் பரிவர்த்தனைக்கான அடையாள எண்), 1930-ல் பதிவு செய்தபோது கிடைத்த ஒப்புகை எண். நடந்ததை வரிசையாக ஒரு பக்கத்தில் தமிழிலேயே எழுதிக்கொண்டு போங்கள். எண்ணை பிளாக் செய்திருந்தாலும் பழைய செய்திகளை அழித்துவிடாதீர்கள். மாவட்டம்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. அது தூரமென்றால் பக்கத்து நிலையத்திலேயே கொடுக்கலாம். ‘எங்க எல்லைக்குள்ள வராது’ என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் சட்டம்தான். கொடுத்த மனுவுக்கு சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.